கெட்ட வருஷத்து உளுந்து

எங்கள் வீட்டுக்கு வெளியூரிலிருந்து யார் வந்தாலும் காபி குடித்து முடிப்பதற்குள் ஒரு கேள்வி வந்துவிடும்: "உளுந்து ஏக்கருக்கு எத்தனை குவிண்டால் ஆகும்?" நெல் விளைகிற ஊர்க்காரர்கள்தான் அதிகம் கேட்பார்கள். அவர்களிடம் அதற்கு ஒரு எண் இருக்கும். கொஞ்சம் முன்னே பின்னே போகும், அவ்வளவுதான். நான் "எந்த வருஷம்?" என்று திருப்பிக் கேட்பேன். குதர்க்கம் பேசுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எங்கள் காடு தூத்துக்குடி மாவட்டத்தில் விளாத்திகுளத்துக்கும் எட்டயபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. எங்கள் பக்கம் புஞ்சையைக் காடு என்றுதான் சொல்வோம். மரம் தேடி வராதீர்கள், சீமைக்கருவேலத்தைத் தவிர ஒன்றும் இருக்காது. ஐந்து ஏக்கர், சுத்தமான கரிசல். கிணறு இல்லை. போர் போட்டவர்களுக்கு உப்புத்தண்ணீர்தான் வந்தது. அதனால் வானம் என்ன கொடுக்கிறதோ அதுதான். நானும் அத்தையும் பார்த்துக்கொள்கிறோம். வீட்டுக்காரர் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறார். விதைப்புக்கும் அறுப்புக்கும் லீவு போட்டு வருவார். கணக்கு எழுதுகிறவரைக் கட்டிக்கொண்டதாலோ என்னவோ, காட்டுக்கணக்கை நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். உளுந்துப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

2019 ஐப்பசியில் விதைத்தது ஏக்கருக்கு நாலு குவிண்டால், அதாவது நானூறு கிலோ வந்தது. அதற்கடுத்த விதைப்பில் செடி அதைவிட நன்றாக நின்றது. காய் முற்றி, பிடுங்குவதற்கு ஆள் சொல்லி வைத்திருந்த நேரத்தில் 2021 ஜனவரியில் மழை பிடித்துக்கொண்டது. பொங்கல் சமயத்தில் அப்படி ஒரு மழையைத் தன் வயசில் பார்த்ததில்லை என்றார் அத்தை. காய்க்குள்ளேயே உளுந்து முளைவிட்டது. தேற்றியது ஏக்கருக்கு எண்பது கிலோ, அதுவும் கறுத்துப்போன உளுந்து. அடுத்த வருஷம் நாலரைக் குவிண்டால். அதற்கடுத்த வருஷம் பூவெடுக்கிற நேரத்தில் மழை நின்றுபோய் ஒன்றேமுக்கால். அப்புறம் 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த இரண்டு நாட்களை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். எங்கள் காட்டில் காய் பிடித்து நின்ற உளுந்துக்கு மேல் தண்ணீர் நின்றது. கரிசலில் தண்ணீர் சீக்கிரம் இறங்காது. வடிந்தபோது செடி அவித்த கீரை மாதிரி கிடந்தது. அந்த வருஷத்துக்கு நோட்டில் சைபர்.

ஐந்தையும் கூட்டி வகுத்தால் ஏக்கருக்கு இரண்டேகால் குவிண்டாலுக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. ஆனால் இரண்டேகால் விளைந்த வருஷம் என்று அந்த ஐந்தில் ஒன்றுகூட இல்லை. விருந்தாளிக்கு நான் எந்த எண்ணைச் சொல்வது?

இதை இப்போது எழுதக் காரணம், பயறு வகைகளில் நாடு தன்னிறைவு அடைய வேண்டும் என்று மத்திய அரசு கொண்டுவந்திருக்கும் திட்டம். 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் சொன்னார்கள், அக்டோபரில் அமைச்சரவை 11,440 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. துவரை, உளுந்து, மைசூர்ப்பருப்பு மூன்றுக்கும் முதல் கவனம். 2030-31க்குள் நாட்டின் மொத்தப் பயறு உற்பத்தி 350 லட்சம் டன்னாக வேண்டும், விளைச்சல் ஹெக்டேருக்கு 1,130 கிலோவாக வேண்டும் என்பது இலக்கு. ஏக்கருக்கு மாற்றிப் பார்த்தால் நாலரைக் குவிண்டாலுக்கு மேல். அதாவது என் நோட்டில் இருக்கிறதிலேயே நல்ல வருஷம் எதுவோ, அது நாட்டுக்கே சராசரியாக வேண்டும்.

திட்டத்தைக் குறை சொல்லவில்லை. பருப்புக்கு வெளிநாட்டை நம்பி இருக்கிறோம் என்பது உண்மைதான். 1951இல் ஆளுக்கு ஒரு நாளைக்கு 60 கிராம் பருப்பு இருந்தது, ஜனத்தொகை ஏற ஏற அது இறங்கிப்போனது. கோதுமைக்கும் நெல்லுக்கும் நடந்தது பயறுக்கு நடக்கவில்லை. 1960-61இல் இந்தியாவில் கோதுமை ஹெக்டேருக்கு 850 கிலோ, பயறு 540 கிலோ. இன்றைக்குக் கோதுமை 3,500 கிலோவைத் தாண்டிவிட்டது. பயறு 900 கிலோவைத் தொடுவதற்கே மூச்சு வாங்குகிறது. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பயறு விவசாயி பழைய பஞ்சாங்கம் என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் பேசியதைக் கேட்டேன். கோபம்தான் வந்தது. கோதுமைக்குக் கால்வாய் வெட்டினார்கள், உரம் கொடுத்தார்கள், விளைந்ததை விலை சொல்லி வாங்கினார்கள். தண்ணீர் வந்த நிலத்திலெல்லாம் நெல்லும் கோதுமையும் ஏறிக்கொண்டன. பயறு எங்கே போனது? தண்ணீர் வராத எங்கள் காட்டுக்கு வந்தது. நல்ல நிலத்தையெல்லாம் பிடுங்கிக்கொண்டு, நீ ஏன் வளரவில்லை என்று கேட்டால் செடி என்ன பதில் சொல்லும்?

செடியின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. நான் கல்லூரியில் தாவரவியல் படித்தவள், அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அரிசியில் புரதம் நூற்றுக்கு ஏழு பங்கு என்றால் உளுந்தில் இருபத்துநாலு. செடி வெயிலில் சமைக்கிற சர்க்கரையில் இருந்துதான் இரண்டுமே செய்யப்பட வேண்டும். ஒரு கிலோ மாவுச்சத்து செய்ய ஆகிற சர்க்கரையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஒரு கிலோ புரதம் செய்ய ஆகும். அதனால் எடைக்கு எடை உளுந்தையும் நெல்லையும் ஒப்பிடுவதே சரியில்லை. போதாததற்கு, உளுந்து தனக்கு வேண்டிய தழைச்சத்தை (நைட்ரஜனை) பெரும்பாலும் தானே காற்றிலிருந்து தயார் செய்துகொள்கிறது. அதற்காக வேரில் ரைசோபியம் என்கிற பாக்டீரியாவைக் குடிவைத்து, அதற்கும் சர்க்கரையைப் பங்கு கொடுக்கிறது.

முளைத்து மூன்று நான்கு வாரம் ஆன செடியைக் கொத்தால் மெதுவாக மண்ணோடு தோண்டி எடுத்துத் தண்ணீரில் அலசினால் வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கும். நகத்தால் ஒன்றைக் கிள்ளிப் பார்க்க வேண்டும். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. நம் ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினுக்குச் சொந்தக்காரப் பொருள் ஒன்று அதற்குள் இருக்கிறது, அந்தச் சிவப்பு அதனுடையது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் குடியிருக்கிறவர் சும்மா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். விதைக்கு முன்பு ஆறின அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் பொட்டலத்தைக் கரைத்து, விதையில் பிசறி, நிழலில் உலர்த்தி விதைக்கச் சொல்வார்கள். செய்கிறோம். அதிகச் செலவு இல்லாதது. ஆனால் மண் காய்ந்துபோனால் முடிச்சுதான் முதலில் வேலையை நிறுத்தும். இலை வாடுவதற்கு முன்பே அது நின்றுவிடும். அதாவது, மழை தள்ளிப்போனால் எங்கள் செடிக்குத் தண்ணீர்ப் பஞ்சமும் உரப் பஞ்சமும் ஒரே நேரத்தில் வரும். நெல்லுக்கு இந்தக் கஷ்டம் கிடையாது, மூட்டையைப் பிரித்து யூரியா போட்டால் முடிந்தது.

கரிசலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோடையில் கால் நுழைகிற அளவு வெடித்துக் கிடக்கும். நல்ல மழை இரண்டு பெய்து அந்த வெடிப்பெல்லாம் மூடி மண் குடித்துவிட்டால், அப்புறம் வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மேல் மண் காய்ந்திருக்கும், ஒரு சாண் தோண்டினால் ஈரம் கையில் ஒட்டும். எழுபது நாளில் முடிகிற உளுந்து இங்கே ஒட்டிக்கொண்டதற்கு இதுதான் காரணம். அறுபது நாளில் முடிகிற பாசிப்பயறும் அப்படித்தான். முதல் மழையில் முளைத்து, மண்ணுக்குள் இருக்கிற ஈரத்தைக் குடித்துக்கொண்டே வளர்ந்து, மண் வறண்டுபோவதற்குள் காயைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். இடையில் பூவெடுக்கிற முப்பத்தைந்தாம் நாளை ஒட்டி ஒரு மழை. அது கிடைத்தால் நாலு குவிண்டால். கிடைக்காவிட்டால் பூ உதிரும், பாதிக் காய் பதராகும், ஒன்றேமுக்கால். விதை, உழவு, களை எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

விதைப்பதே ஒரு சூதாட்டம். புரட்டாசிக் கடைசியில் காய்ந்த புழுதியிலேயே விதைத்துவிட்டால் முதல் மழையின் ஒரு சொட்டுகூட வீணாகாது. ஆனால் பாதி மழை பெய்து, விதை முளைத்து, பத்து நாள் வானம் பொய்த்தால் முளை கருகிவிடும். ஏக்கருக்கு எட்டுக் கிலோ விதை போய்விடும், மறுபடியும் வாங்க வேண்டும். மழைக்குப் பிறகு விதைக்கலாம் என்றால், ஈரக் கரிசலில் டிராக்டர் இறங்க நாலைந்து நாள் ஆகும், அதற்குள் மறுமழை வந்தால் கார்த்திகைக்குத் தள்ளிப்போகும். எங்கள் ஊரில் பாதிப்பேர் புழுதிக்கட்சி, பாதிப்பேர் ஈரக்கட்சி. அத்தை இரண்டு கட்சியிலும் இருப்பார். மூன்று ஏக்கரைப் புழுதியில் விதைக்கச் சொல்வார், மீதியை மழை பார்த்து.

அத்தையின் கணக்கை நான் ரொம்ப நாள் புரிந்துகொள்ளவில்லை என்று சொல்ல மாட்டேன். முதல் வருஷமே புரிந்தது. ஆனால் வேளாண்மை ஆபீசுக்கும் உரக்கடைக்கும் பயிர்க்காப்பீட்டுக்காரர்களுக்கும் அது புரிவதில்லை. எங்களிடம் பேச வருகிற எல்லோரும் நல்ல வருஷத்து விளைச்சலைக் கூட்டுவது எப்படி என்று சொல்லித் தருகிறார்கள். எங்களுக்கு வேண்டியது கெட்ட வருஷத்து விளைச்சல். நாலரையை ஐந்தரையாக்கினால் சந்தோஷம்தான். எண்பது கிலோவை இரண்டு குவிண்டாலாக்கினால் அந்த வருஷம் நகை அடகுக்குப் போகாது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக் கூடுதல்தான், ஆனால் வீட்டுக்குள் அவை ஒன்றில்லை.

உதாரணத்துக்கு, பூக்கிற நேரத்தில் டிஏபி உரக் கரைசல் அடிக்கச் சொல்வார்கள். ராத்திரி ஊறவைத்து, தெளிந்த தண்ணீரை வடித்து, இரண்டு சதவீதக் கரைசலாக்கி, பூக்கும்போது ஒரு தடவை, பதினைந்து நாள் கழித்து ஒரு தடவை. வேளாண்மைப் பல்கலைக்கழகம் விற்கிற பயறு ஒண்டர் என்கிற பயிர் ஊக்கியும் உண்டு, ஏக்கருக்கு இரண்டு கிலோ. இரண்டுமே நல்ல யோசனை, நல்ல மழை வருஷத்தில் காய் கூடுவது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் தெளிக்க ஏக்கருக்கு இருநூறு லிட்டர் தண்ணீர் வேண்டும். மழை நின்ற வருஷத்தில் ஊருணியில் ஆடு குடிக்கவே தண்ணீர் இருக்காது. விலைக்குத் தண்ணீர் வண்டி சொல்லி, கருகிப்போகிற பூவுக்கு மருந்து அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் அடிப்பதில்லை.

ரகங்களைப் பொறுத்தவரை நன்றி சொல்லத்தான் வேண்டும். புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் இருக்கிற தேசிய பயறு வகை ஆராய்ச்சி மையத்திலிருந்து வந்த உளுந்து ரகங்கள் இல்லையென்றால் மஞ்சள் தேமல் நோய் எங்களை உளுந்தை விட்டே துரத்தியிருக்கும். வெள்ளை ஈ கொண்டுவருகிற வைரஸ் அது. வந்த பிறகு மருந்து கிடையாது. தாங்கி நிற்கிற ரகம் ஒன்றுதான் வழி. பழைய விதையை வைத்திருந்தவர்கள் காடு மஞ்சள் பூசின மாதிரி நின்றதும், பக்கத்திலேயே வம்பன் எட்டு பச்சையாக நின்றதும் நான் பார்த்தது. பாசிப்பயறில் கோ எட்டு ஒரே சமயத்தில் காய் முற்றுகிற ரகம். முன்பெல்லாம் பாசிக்காய் பறிக்க மூன்று தடவை காட்டுக்குப் போக வேண்டும், குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போகும். பெண்கள் வேலை என்பதால் அந்த இடுப்புவலி எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது. இப்போது ஒரே அறுப்பு. இந்த மாதிரி ஒரு மாற்றம் ஏக்கருக்கு ஒரு குவிண்டால் கூட்டியதற்குச் சமம் என்பேன்.

சரி, காப்பீட்டுக்கு வருகிறேன். விளைச்சல் என்கிற எண்ணை அரசாங்கம் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதை நேரில் பார்த்ததே அதனால்தான். எங்கள் காட்டிலேயே ஒரு வருஷம் பயிர் அறுவடைப் பரிசோதனை நடந்தது. எந்தச் சர்வே எண், அதில் எந்த இடம் என்பதைக் குலுக்கல் மாதிரி எண்ணைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். நாலு முளை அடித்துக் கயிறு கட்டி ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் போடுவார்கள். அதற்குள் இருக்கிற செடியை மட்டும் பிடுங்கி, அடித்து, புடைத்து, எடை போட்டு, ஈரம் கழித்து எழுதுவார்கள். செல்போனில் படமும் எடுத்துக்கொள்வார்கள். இருபத்தைந்து சதுர மீட்டரில் ஒரு கிலோ உளுந்து வந்தால் ஹெக்டேருக்கு நானூறு கிலோ. ஒரு கிராமத்தில் ஒரு பயிருக்கு இப்படி நாலு இடம். நாலையும் சேர்த்தால் நூறு சதுர மீட்டர், அதாவது இரண்டரை சென்ட். ஊரில் ஆயிரம் ஏக்கர் உளுந்து இருந்தால் அத்தனைக்கும் அந்த இரண்டரை சென்ட்தான் சாட்சி.

கயிறு கட்டிய தம்பி பாவம், ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கிற பையன். அத்தை மோர் கொடுத்துவிட்டு, "ஏ தம்பி, இந்த மூலையில மழைத்தண்ணி வந்து தேங்கும், இங்க மட்டும் கருகருன்னு நிக்கும். மேட்டுல போய்க் கயித்தக் கட்டு" என்றார். அவன், "பாட்டி, எண்ணு எங்க விழுகுதோ அங்கதான் கட்டணும்" என்றான். அவன் சொன்னதுதான் சரி. நமக்கு வேண்டிய இடத்தில் கட்டினால் அது பரிசோதனையே இல்லை. ஆனால் அத்தை சொன்னதும் உண்மை. ஓடைக்கு இந்தப் பக்கம் பெய்த மழை அந்தப் பக்கம் பெய்யாத ஊர் இது. நாலு சதுரத்துக்கு இவ்வளவு பேதத்தைச் சுமக்க முடியாது.

அப்புறம் அந்த எண்ணை வைத்து என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். கடந்த ஏழு வருஷத்தில் நல்லதாக உள்ள ஐந்து வருஷத்தின் சராசரியை எடுப்பார்கள். மோசமான இரண்டைத் தள்ளிவிடுவது நியாயமான ஏற்பாடுதான். அந்தச் சராசரியில் எழுபதோ எண்பதோ தொண்ணூறோ சதவீதம், இதுதான் உத்தரவாத விளைச்சல். பரிசோதனையில் வந்தது இதைவிடக் குறைந்தால், குறைந்த விகிதத்துக்குப் பணம். ஒரு ஊரின் ஐந்து வருஷச் சராசரி ஹெக்டேருக்கு 500 கிலோ, உத்தரவாதம் எண்பது சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கோடு 400இல் நிற்கும். ஊரின் கிழக்குப் பாதியில் 700, மேற்குப் பாதியில் 150 என்று விளைந்தால் சராசரி 425. யாருக்கும் ஒரு பைசா கிடையாது. மேற்குப் பாதிக்காரர் பொங்கலுக்குக் கடன் வாங்குவார். அதுபோக, ஏழு வருஷத்தில் மூன்று வருஷம் கெட்டுப்போனால் ஒரு கெட்ட வருஷமாவது சராசரிக்குள் வந்து உட்கார்ந்து கோட்டையே கீழே இழுத்துவிடும். அடிக்கடி அடிபடுகிற ஊருக்குத்தான் காப்பு குறைகிறது. பிரிமியம் விவசாயிக்கு ஒன்றரை சதவீதம்தான், மீதியை அரசுகள் கட்டுகின்றன என்பதால் நாங்கள் தவறாமல் கட்டுகிறோம். எனக்கு ஒருமுறை பணம் வந்தது, ஒருமுறை வரவில்லை. வராத வருஷத்தில் ஏன் என்று கேட்கப் போன இடத்தில் வேறொரு ஆபீசைக் காட்டினார்கள், அங்கே ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்தார்கள். அந்த எண்ணில் பாட்டு மட்டும் நன்றாக இருந்தது.

இவ்வளவு சிரமத்துக்கு மக்காச்சோளத்துக்குப் போய்விடலாமே என்று கொழுந்தனார் சொல்கிறார். ஊரில் பாதிக்காடு போய்விட்டது. மழை நன்றாக இருந்தால் ஏக்கருக்குப் பதினைந்து, இருபது குவிண்டால். கோழித்தீவன ஆட்கள் களத்துக்கே லாரி கொண்டுவருவார்கள். ஆனால் விதை, உரம், மருந்து என்று முதலில் கொட்ட வேண்டிய பணம் உளுந்தைவிட ரொம்ப அதிகம். 2018இல் படைப்புழு வந்தபோது குருத்துக்குள் கையை விட்டு விட்டுப் புழு எடுத்தோம், நினைத்தால் இப்போதும் அருவருப்பாக இருக்கிறது. காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் ஒரு ஏக்கரை உருட்டிவிட்டுப் போகும். கெட்ட வருஷத்தில் உளுந்து எண்பது கிலோ கொடுத்தது என்றேனே, அந்த வருஷம் போட்ட பணத்தில் பாதியாவது கைக்கு வந்தது. செடியை ஆட்டுக்குப் போட்டோம், பொட்டு மாட்டுக்கு ஆச்சு. மக்காச்சோளம் கெட்டால் கடன் மட்டும் விளையும்.

விலை விஷயம் சுருக்கமாக. உளுந்துக்கு 2025-26க்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். எங்கள் அறுப்பு தையில். அதே சமயத்தில் பர்மா உளுந்து எவ்வளவு வருகிறது, வரி உண்டா இல்லையா என்பதைப் பொறுத்துத்தான் விருதுநகர் மார்க்கெட்டில் விலை நிற்கும். வியாபாரி கைபேசியில் பர்மா விலையைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் சாக்கில் கையை விடுவார். பட்டணத்தில் இட்லிக்கு உளுந்து வாங்குகிறவர்களுக்கு விலை குறைந்தால் நல்லதுதான், அவர்கள்மேல் வருத்தமில்லை. இந்தக் கதை எங்களுக்கு மட்டும் என்றும் இல்லை. மொசாம்பிக் நாட்டில் துவரை போடுகிறவர்களும் எங்களைப் போல மானாவாரிக்காரர்கள்தான், சின்னச் சின்ன நிலம். 2016இல் இந்தியா அவர்களோடு ஒப்பந்தம் போட்டு, நீங்கள் விளைவியுங்கள் நாங்கள் வாங்குகிறோம் என்றது. 2017இல் இங்கே துவரை அமோகமாக விளைந்ததும் இறக்குமதிக்கு உச்சவரம்பு போட்டார்கள். அங்கே துவரை விலை தரைக்கு வந்தது. இங்கே மழை பெய்ததற்கு அங்கே ஒருவன் அழ வேண்டியிருந்தது.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். ஐந்து ஏக்கரில் இரண்டு உளுந்து, ஒன்று பாசி. வரப்போரமும் இடையில் ஆறு வரிசைக்கு ஒன்றாகவும் துவரை. துவரை வேர் ஆழமாகப் போகும், உளுந்து போன பிறகும் மாசி பங்குனி வரை மண்ணுக்குள் இருக்கிற ஈரத்தைத் தேடிக் குடித்து நிற்கும். உளுந்துக்குப் பூக்கிற நேரத்தில் வராத மழை பதினைந்து நாள் பிந்தி வந்தால் துவரைக்கு ஆகும். ஒரு ஏக்கரில் வீட்டுக்கும் மாட்டுக்கும் சோளமும் தட்டாம்பயறும் கலந்து. கடைசி ஏக்கரை அத்தை வெறுமனே வைத்திருப்பார். மழை ரொம்பப் பிந்தினால் அதில் கொத்தமல்லி, இன்னும் பிந்தினால் காணம், அதாவது கொள்ளு. காணம் எதற்கும் சாகாது. விளைச்சலும் பெரிதாக இருக்காது, விலையும் பெரிதாக இருக்காது. ஆனால் அத்தைக்குத் தெரிந்தவரை காணம் முழுசாகப் பொய்த்த வருஷம் ஒன்றுமில்லை. போன வருஷம் வந்த அதிகாரி ஒருவர், "ஒரு ஏக்கரைச் சும்மா போட்டிருக்கீங்களே, உற்பத்தித் திறன் குறையுமேம்மா" என்றார். அத்தை என்னைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டேன்.

2023 வெள்ளத்துக்குப் பிறகு ஆழச்சால் அகலப்பாத்தியும் போட்டுப் பார்த்தோம். அகலமான பாத்தியில் செடி, இடையில் ஆழமான சால். கூடுதல் மழை சால் வழியாக ஓடி மூலையில் இருக்கிற பண்ணைக்குட்டைக்குப் போகும். கரிசலுக்கென்றே ஹைதராபாத் பக்கம் பதான்செருவில் இருக்கிற இக்ரிசாட் என்கிற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1970களில் வளர்த்தெடுத்த முறை இது. மழை கூடினாலும் குறைந்தாலும் இரண்டுக்கும் ஏதோ ஒரு பதில் வைத்திருக்கிற ஒரே யோசனை எனக்குத் தெரிந்து இதுதான். டிராக்டர் வாடகை கூடுகிறது, பாத்தி போடத் தெரிந்த ஓட்டுநர் கிடைப்பதில்லை. திட்டத்துக்கு ஒதுக்கிய கோடிகளில் கொஞ்சம் இந்த வாடகைக்கு வந்தால் நன்றாயிருக்கும்.

இன்னொன்றும் கேட்பேன், அதற்குப் பணமே வேண்டாம். புது ரகம் வந்தால் ஒரு துண்டுத்தாள் தருகிறார்கள். வயது, விதை அளவு, நோய் எதிர்ப்பு, மானாவாரியில் சராசரி மகசூல், இறவைப் பாசனத்தில் சராசரி மகசூல். அதற்குக் கீழே இன்னொரு வரி போடட்டும்: சோதித்த வருஷங்களிலேயே மோசமான வருஷத்தில் எத்தனை கிலோ வந்தது என்று. கோவில்பட்டியில் ஆராய்ச்சி நிலையம் 1901இலிருந்து இருக்கிறது. கருங்கண்ணிப் பருத்திக் காலத்திலிருந்து எத்தனையோ பஞ்சத்தையும் பெருமழையையும் பார்த்த நிலம் அது. சோதனை வயலில் மழை நின்ற வருஷத்து எடையும் எழுதித்தானே வைத்திருப்பார்கள். அந்த வரியைப் பார்த்துத்தான் அத்தை விதை வாங்குவார்.